கரிகாலனைக் கொன்றது யார்?

கேள்வி: ‘பொன்னியின் செல்வ’னை இப்போதுதான் முதல்முறையாக முழுதாகப் படித்தேன். நான்கு பாகங்கள் சோறு தண்ணீர் மறந்து ஓடின, ஐந்தாவதில் திணறிவிட்டேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. சேந்தன் அமுதன் திடீரென்று மதுராந்தகர் ஆகிறான். எல்லோரும் கொண்டாடும் நாவல், எனக்கு முழுதாக ஒட்டவில்லையே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: திணறியதில் உங்கள் குறை எதுவும் இல்லை. முதல் பாகம் 57 அத்தியாயங்கள், ஐந்தாவது 91. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் இது. ஏழு நாள் காத்திருப்பவருக்காகக் கடைசி வரியில் ஒரு திடுக். மறந்துவிட்டவருக்காக அடுத்த வாரம் முன்கதை. இதை ஒரே மூச்சில் படித்தால் கதை நின்ற இடத்திலேயே சுற்றுவதுபோல்தான் இருக்கும், அதுவும் கரிகாலன் இறந்தபிறகு. ஐந்தாம் பாகத்தை மட்டும் நாளுக்கு மூன்று நான்கு அத்தியாயமாகப் படித்துப் பாருங்கள்.

கொலை விஷயத்தில் நான் கல்கியின் பக்கம். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. மீண்டும் வெளிச்சம் வரும்போது இளவரசர் பிணமாகக் கிடக்கிறார். கத்தி யார் கையில் இருந்தது என்பதை இருட்டே விழுங்கிவிடுகிறது. சரித்திரமும் முழுதாகச் சொல்லவில்லை. காட்டுமன்னார்கோயில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ‘கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்’ என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினர் நிலங்கள் பறிக்கப்பட்டதைப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள்? ஒரு சொல் இல்லை. மதுராந்தகர் என்ற உத்தம சோழருக்குப் பங்கு உண்டென்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். அறிஞர்களே முடிவுக்கு வராத வழக்கில் நாவலாசிரியர் தீர்ப்பு எழுதாமல் விட்டது நேர்மை.

சேந்தன் அமுதன் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பின்னாளில் ராஜராஜனான அருள்மொழி விட்டுக்கொடுத்து உத்தம சோழர் முடிசூடியது வரலாறு. திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஆனால் நான்கு பாகங்களாக மதுராந்தகனைப் பதவி ஆசை பிடித்த கோழையாகக் காட்டியாயிற்று. அவன் தலையில் மகுடம் வைத்தால் ‘தியாகச் சிகரம்’ என்ற ஐந்தாம் பாகத்தின் தலைப்பே சரிந்துவிடும். அதனால் ஒரே மனிதரை இரண்டாகப் பிரித்து, பூக்கட்டும் நல்லவனிடம் அரசைக் கொடுத்தார். காரணம் புரிகிறது, படிக்கும்போது நம்பத்தான் முடியவில்லை.

91ஆம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடியிருந்தால், அதன் பின்னுள்ள முடிவுரையையும் படித்துவிடுங்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்ட அன்றைய வாசகர்களுக்குக் கல்கியே அங்கே பதில் சொல்லியிருக்கிறார். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகப் போனால் காட்டுமன்னார்கோயில் பக்கம்தான். கல்வெட்டைப் பார்த்த கையோடு வீராணம் ஏரிக்கரைக்கும் போகலாம். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது அந்தக் கரைமேல்தான்.