கடலடியில் சாலைகளா?
ஜெப்கோ என்ற உலகக் கடல் ஆழப் படத்தில் கடலடியின் சரிவைக் கணக்கிட்டால் நேர்கோடுகள் வருகின்றன, அவை சாலைகளா என்கிறீர்கள். அவை கப்பல் போன தடங்கள். தடத்தில் இருப்பது ஒலி அனுப்பி அளந்த ஆழம். இரு பக்கமும் இருப்பது செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்தது. கடலடி மலையின் ஈர்ப்பு தண்ணீரை இழுப்பதால் மேலே கடல்மட்டம் ஓரிரு மீட்டர் வரை புடைக்கும், அதை வைத்துத்தான் கணிப்பு. சின்ன மேடுகள் இதில் மங்கிவிடும். வண்டல் மூடிய இடத்தில் இன்னும் மோசம். அளந்ததும் கணித்ததும் ஒட்டாத இடத்தில்தான் உங்கள் கோடு. 2009இல் கூகுள் எர்த்தில், கடலில் மூழ்கியதாகக் கதைகள் சொல்லும் அட்லாண்டிஸ் தெரிகிறது என்று கிளம்பிய பரபரப்பும் இதே கதைதான்!

சரி, ஜெப்கோவோடு டிஐடி என்று இன்னொரு கோப்பு கிடைக்கும். எந்த ஆழம் அளந்தது, எது கணித்தது என்று அதில் இருக்கும். கணித்த பகுதியைப் பிரித்துவிட்டுச் சரிவைக் கணக்கிடுங்கள். கோடு மறையட்டும் என்று மொத்தப் படத்தையும் மழுங்கடித்துவிடாதீர்கள், நல்ல அளவீடும் போய்விடும்.