தனி வகுப்பு எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினச் சிறுமிகளுக்கு மட்டும் தனியாகக் கணினி வகுப்பு நடத்துகிறார்களாமே, எல்லோரோடும் சேர்ந்து படித்தால் ஆகாதா?
– ஒரு வாசகி

பதில்: சேர்ந்து படிக்கப் போன இடத்தில் பட்டதுதான் காரணமே. இந்த வகுப்பைத் தொடங்கிய கிம்பர்லி பிரையன்ட் ஒரு கறுப்பினப் பெண், மின்பொறியாளர். கல்லூரியிலும் வேலையிலும் தன்னைப் போல இன்னொரு பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம். சரி, காலம் மாறியிருக்கும் என்று மகளைக் கோடைக்காலக் கணினி முகாமுக்கு அனுப்பினால், பெண்பிள்ளைகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதில் கறுப்பினப் பிள்ளை அவள் ஒருத்தி மட்டும். 2011இல் ‘பிளாக் கேர்ள்ஸ் கோட்’ என்ற அவருடைய அமைப்பு பிறந்தது இப்படித்தான். 7 முதல் 17 வயதுப் பிள்ளைகள் அங்கே செயலியும் ரோபோவும் செய்து பழகினார்கள். பாடம் எங்கும் கிடைக்கும். தன் சாயலில் ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நிரல் ஓடாமல் நிற்கும்போது ‘எனக்கும் இப்படித்தான் ஆகும், இந்த வரியைப் பார்’ என்று காட்டுவது எங்கும் கிடைக்காது, அதற்காகவே தனி வகுப்பு வேண்டும் என்பேன்.