அடிநிலத்துக்குப் பட்டா யார் பேரில்? - வக்கீலிடம் கேளுங்கள்

கே (பல்லடம் வாசகர்): காற்றிலிருந்து கரியமில வாயுவை மிஷின் வைத்து உறிஞ்சி, பூமிக்கு அடியில் பூட்டி வைக்கிறார்களாம். வக்கீல் ஐயா, பூட்டுகிற அந்த இடம் யாருக்குச் சொந்தம்? மேலே பட்டா வைத்திருப்பவனுக்கா, சர்க்காருக்கா?

ப: கேட்டீர்களே, இதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. எல்லாரும் மிஷின் படத்தைத்தான் போடுகிறார்கள். வரப்புத் தகராறு பார்த்தே தலை நரைத்த எனக்கு உங்கள் கேள்விதான் முதலில் தோன்றியது.

ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனத்தின் மிஷின் 2021 முதல் ஓடுகிறது. பிடித்த வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் இறக்குகிறார்கள். அது உள்ளேயே கல்லாகிவிடுகிறது. கல்லானால் எங்கும் ஓடாது, வம்பு குறைவு. அந்த மாதிரிப் பாறை இல்லாத ஊர்களில் சுமார் 800 மீட்டருக்கும் கீழே, உப்புநீர் ஊறிக் கிடக்கிற மணற்பாறையின் நுண்துளைகளுக்குள் அழுத்துகிறார்கள். அங்கே வாயு பக்கவாட்டில் பரவும். என் வேலிக்குள் இறக்கியது சில வருஷத்தில் பக்கத்துக்காரர் நிலத்துக்கு அடியில் போய் நிற்கும். அவர் சும்மா இருப்பாரா?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம் 2009-ல் சட்டம் போட்டது. அந்தத் துளையிடம் மேல்நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று அதில் எழுதினார்கள். கூடவே ஒரு கொக்கியும் வைத்தார்கள்: 60 சதவீத உரிமை உள்ளவர்கள் சம்மதித்துவிட்டால், ஈடு கொடுத்து மிச்சப் பேரின் இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட மறுத்த விவசாயிகளுக்கு இது கசக்காமல் என்ன செய்யும்? கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் இந்தப் பஞ்சாயத்தே வேண்டாமென்று, துளையிடம் முழுக்க அரசுக்கு என்று 2010-ல் ஒரே போடாகப் போட்டுவிட்டது.

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. நிதி ஆயோக் 2022-ல் கொள்கை அறிக்கை ஒன்று வெளியிட்டது. அறிக்கையைக் காட்டி கோர்ட்டில் டிக்ரி வாங்க முடியாது. நமக்குக் கைகொடுப்பது 2013-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பழைய மலபார் பகுதி நில உடைமையாளர்கள் கேரள அரசோடு மோதிய வழக்கு அது. சட்டப்படி உரிமை பறிக்கப்படாத வரை, மண்ணுக்கு அடியில் இருப்பதும் பொதுவாக நிலத்துக்காரரையே சேரும் என்றார்கள் நீதிபதிகள். அது கனிமத்தைப் பற்றிய தீர்ப்பு. காலித் துளைக்கும் அதே நியாயம்தான் என்று நான் வாதாடுவேன். சர்க்கார் வக்கீல் சும்மா விடமாட்டார் என்பதும் தெரியும்.

சொந்தம் யாருக்கு என்பதைவிடக் கஷ்டமானது, கசிந்தால் யார் பொறுப்பு என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 விதிப்படி, வாயு இறக்கிய கிணற்றை மூடிய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 வருஷம் நிறுவனமே ஜவாப்தாரி. அரசிடம் ஒப்படைக்கும்போது இன்னும் 30 வருஷக் கண்காணிப்புக்கான செலவையாவது கட்டிவிட்டுப் போக வேண்டும். வடக்கு டகோட்டாவிலோ, வாயு இறக்குவதை நிறுத்திப் பத்து வருஷம் போனால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நிறுவனம் கைகழுவலாம். வாயு உள்ளே கிடக்க வேண்டியது நூற்றாண்டுக் கணக்கில்; பத்து வருஷத்துக்குப் பிறகு வரி கட்டுகிறவன் தலையில். என்னைக் கேட்டால், இங்கே சட்டம் வரும்போது ஐரோப்பாக்காரன் எழுதியதைப் பார்த்து எழுதட்டும்.

கே (நாகர்கோவில் வாசகி): மரம் நட்டால் முடிகிற காரியத்துக்கு இத்தனை சட்டம் எதற்கு?

ப: மரம் எரியும் அம்மா. கலிபோர்னியாவில் காட்டைக் காட்டிக் கார்பன் கிரெடிட் (இத்தனை டன் வாயுவைப் பிடித்து வைத்தோம் என்று விற்கிற சான்று) வாங்கினால், அந்தக் கார்பனை நூறு வருஷம் காப்பாற்றித் தர வேண்டும். 2021-ல் ஓரிகானில் பிடித்த பூட்லெக் காட்டுத் தீ, அப்படிக் கிரெடிட் கொடுத்திருந்த காட்டையும் விட்டுவைக்கவில்லை. அதனால்தான் 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சான்றளிப்புச் சட்டம், பல நூற்றாண்டு நிற்கும் சேமிப்பை ஒரு கணக்கிலும், மண்ணிலும் மரத்திலும் தற்காலிகமாக நிற்பதை வேறு கணக்கிலும் வைக்கிறது. மரத்தைத் தாராளமாக நடுங்கள். கிரெடிட் தருகிறேன் என்று எவராவது வந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

கே (தூத்துக்குடி வாசகர்): கடலில் இரும்பைக் கரைத்தால் பாசி வளர்ந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளுமாம். நம் விஞ்ஞானிகளே செய்து பார்த்தார்களாமே, தடை இல்லையா?

ப: செய்தார்கள். 2009 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலில் கேப் டவுனிலிருந்து தெற்கே போனார்கள். திட்டத்தின் பெயர் லோஹாஃபெக்ஸ். அதற்கு முந்தைய வருஷம்தான் பான் நகரில் உயிரினப் பன்மய மாநாடு, கடலுக்கு இரும்பு உரம் போடுவதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தது. கரையோரக் கடலில் சிறிய ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்கு. இவர்கள் போனதோ நடுச்சமுத்திரம்! கப்பல் கடலில் இருக்கும்போதே ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்தச் சொல்ல, ஆராய்ச்சி அமைச்சகம் நிபுணர்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு அனுமதித்தது. கரையோரத்தில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. அங்கே சோதித்து என்ன தெரியும்? அந்த விலக்கை எழுதியவர்கள் கடல் விஞ்ஞானிகளைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

சுமார் 300 சதுர கிலோமீட்டரில் இரும்பைக் கரைத்தார்கள். பாசி வளர்ந்தது, வளர்ந்ததைக் குட்டி இறால் போன்ற மிதவைப் பிராணிகள் தின்று தீர்த்தன. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம்.

ஆராய்ச்சி என்ற பேரில் வியாபாரமும் வந்துவிடும் என்ற பயம் பொய்யில்லை. 2012-ல் கனடாவின் ஹைடா குவாய் தீவுகளுக்கு அப்பால் ஒரு கூட்டம் சுமார் 100 டன் இரும்பு சல்ஃபேட்டைக் கொட்டியது. அடுத்த வருஷமே, கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கிற சர்வதேச ஒப்பந்தமான லண்டன் நெறிமுறையில் தடைத் திருத்தம் எழுதினார்கள். போதுமான நாடுகள் ஒப்புதல் தராததால் அது அமலுக்கு வராமல் கிடக்கிறது.

கே (சேலம் வாசகர்): கரியமில வாயுவைப் பிடித்துப் புதைப்பதற்கு அமெரிக்கா காசே கொடுக்கிறதாமே?

ப: வரிச் சலுகையாக. காற்றிலிருந்து பிடித்துப் புதைத்தால் டன்னுக்கு 180 டாலர் வரை என்று 2022-ல் ஆக்கினார்கள். அதே வாயுவை எண்ணெய்க் கிணற்றில் செலுத்திக் கச்சா எண்ணெய் எடுத்தால் 130தான் என்று ஒரு நியாயம் இருந்தது. 2025-ல் அதையும் 180 ஆக்கிவிட்டார்கள். இதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கே (போபாலில் வசிக்கும் வாசகர்): இங்கே விவசாயிகளின் வயலில் இலவசமாகப் பாறைத் தூள் போட்டு, கார்பன் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள். குத்தகை நிலம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

ப: அது மோசடி வேலை அல்ல. இந்தியச் சிறு விவசாயிகளின் வயலில் பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் தூளைப் போடுகிற மாட்டி கார்பன் என்ற அமைப்பு, கார்பனை அகற்றும் வழிகளுக்காக நடந்த எக்ஸ்பிரைஸ் என்ற சர்வதேசப் போட்டியில் 2025-ல் 5 கோடி டாலர் முதல் பரிசு வாங்கியது. மழைநீரில் கரைந்த வாயு தூளோடு வினைபுரிந்து நீரில் உப்பாகத் தங்கிவிடும், வயலுக்கும் சத்து.

ஆனால் உங்களிடம் யார் வந்தாலும் தாளைப் படியுங்கள். கிரெடிட் விற்ற காசில் உங்களுக்குப் பங்கு உண்டா, இல்லை தூளோடு சரியா? எத்தனை வருஷம் அவர்கள் வயலில் இறங்கி மண் எடுக்கலாம்? சில பாறைத் தூளில் நிக்கல், குரோமியம் இருக்கும்; தூளின் ஆய்வறிக்கை கேளுங்கள், போடுவதற்கு முன் உங்கள் மண்ணையும் பரிசோதித்துத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் குத்தகைக்காரர் என்பதால் நிலத்துக்காரர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், ஹிந்திப் பிரதி வரும்வரை பேனாவைத் திறக்க வேண்டாம்.