முழங்கால் வலியும் 'ஐந்தில் ஒருவர்' கணக்கும்

கேள்வி: 14 வயது மகனுக்கு இரண்டு மாதமாக வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலி. தைலம் தேய்த்து உருவிவிடுகிறோம், வலி மாத்திரை கொடுக்கிறோம். கால்சியம் குறைவா, சைக்கிளிலிருந்து விழுந்ததாலா? எலும்புப் புற்றுநோய் என்றால் ஐந்தில் ஒருவர்தான் பிழைப்பார் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

பதில்: கால்சியத்தை விடுங்கள். சைக்கிளையும் விடுங்கள், அடிபட்டுப் புற்றுநோய் வருவதில்லை. வளரும் வயதுக் கால்வலி சாயங்காலம் இரண்டு கால்களிலும் வரும். காலையில் பையன் ஓடிக்கொண்டிருப்பான். ஒரே இடத்தில், வாரக்கணக்கில், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அதுவும் வீக்கத்தோடு இருந்தால், அதைச் சும்மா விடக் கூடாது. மாத்திரை அதை மறைக்கத்தான் செய்யும்.

இரண்டு மாதம் ஆகிவிட்டதால் இந்த வாரமே எக்ஸ்ரே எடுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தொடை எலும்பின் கீழ்ப்பாதி முழுதும் படத்தில் தெரிய வேண்டும். படம் சரியாக இருந்தும் வலி நிற்காவிட்டால் எம்.ஆர்.ஐ. சந்தேகம் வந்தால், எந்த மருத்துவமனையில் அறுவை நடக்குமோ அங்கேதான் பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. ஊசி போன தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். கண்ட இடத்தில் கீறிவிட்டால் காலைக் காப்பாற்றுவதே கடினமாகிவிடும்.

இனி அந்தக் கணக்கு. இந்த வயதில் அதிகம் வரும் எலும்புப் புற்று ஆஸ்டியோசர்கோமா. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 3, 4 பேருக்குத்தான் வரும்.

நீங்கள் படித்தது 1970-களுக்கு முந்தைய நிலவரம். அப்போது காலை எடுப்பது மட்டுமே சிகிச்சை. இல்லாவிட்டால், கண்டுபிடிக்கும்போதே நுரையீரலுக்குப் பரவியிருந்தவர்களின் கணக்கு. பரவாதவர்களில் இன்று மெத்தோட்ரெக்ஸேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகளும் அறுவையும் முழுமையாகக் கிடைத்தால், ஐந்தாண்டு தாண்டுபவர்கள் 60 முதல் 70 சதவீதம். பெரும்பாலானவர்களுக்குக் காலும் தப்புகிறது. நாட்டுக்கு நாடு இந்த எண் இறங்குவது, நோய் முற்றி வருவதாலும் பாதியில் சிகிச்சையை விடுவதாலும்தான் பெரும்பாலும்.

இவ்வளவும் உங்கள் மகனுக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அவன் வயதில் முழங்கால் வலிக்கு வேறு சாதாரணக் காரணங்களே அதிகம். எக்ஸ்ரே படம் பார்க்கும்வரை தைலமும் உருவலும் வேண்டாம்.