பதினொன்றை இருபத்தைந்து என்று எழுதிய சகோதரருக்கு

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் 9 வருஷமாக ஊழியம் செய்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு வருவது 11 பேர். என்னோடு வேதாகமப் பள்ளியில் படித்தவர் நகரத்தில் பெரிய சபை நடத்துகிறார். எல்இடி திரை, யூடியூப் சேனல், கார். "அவருக்குள்ள அபிஷேகம் உங்களுக்கு இல்லையோ?" என்று மனைவி கேட்கிறாள். போன மாத ஊழிய அறிக்கையில் 11-ஐ 25 என்று எழுதி அனுப்பிவிட்டேன். கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் என்கிறோமே, எனக்கு ஏன் பலன் இல்லை?
- பெயர் வேண்டாம் என்ற சகோதரர்

பதில்: அன்பான சகோதரருக்கு ஸ்தோத்திரம்.

நண்பரின் காரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாதது அந்த 25 தான் என்று நினைக்கிறேன். அந்தத் தாளை நானும் பல வருஷம் நிரப்பியவன். கூடுகை, கைப்பிரதி, ஞானஸ்நானம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாதக் கடைசியில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, 'கிறிஸ்துமஸுக்கு வந்துபோனவர்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன?' என்று யோசித்திருக்கிறேன். ஒரு தடவை சேர்த்தும் இருக்கிறேன்.

"நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்கிறார் பவுல். மானாவாரி பூமியில் இருக்கிற உங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கண்மாய் நிரம்பாத வருஷத்தில், விதைத்தவனை ஊரார் சோம்பேறி என்பார்களா?

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளம் வந்தார். கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் கடைசியில். இடையில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்துக்கு அறிக்கை கேட்டிருந்தால் ஞானஸ்நானக் கட்டத்தில் ஒரு வங்காளியின் பெயர்கூட இருந்திருக்காது. கிருஷ்ண பால் வந்ததும் பிரசங்க மேடை வழியாக மட்டுமல்ல. விழுந்து தோள் பிசகியது; கேரியோடு ஊழியம் செய்த டாக்டர் தாமஸ் அதைச் சரிசெய்தார். பழக்கம் அங்கே வளர்ந்தது.

ஆனால் கேரியின் கதையில் நாம் மேடையில் சொல்லாமல் தாண்டுகிற பக்கம் ஒன்று உண்டு. ஐந்து வயது மகன் பீட்டர் 1794-ல் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். மனைவி டாரதி மனம் பேதலித்துப்போய், 1807-ல் இறக்கும்வரை தேறவில்லை. முதல் ஞானஸ்நானத்தை நாம் கொண்டாடுகிறோம். அந்த நாட்களில் டாரதி எந்த நிலையில் இருந்தார் என்று கேட்பதில்லை. ஆகையால் உங்கள் மனைவியின் கேள்வியை விசுவாசக் குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அபிஷேகம் என்ற பேருக்குள்ளே பிள்ளைகளின் ஃபீஸும் மளிகைக்கடைப் பாக்கியும் இருக்கக்கூடும். உட்கார்ந்து கேளுங்கள். பகுதிநேரமாக ஒரு வேலை பார்க்க வேண்டியிருந்தால் பாருங்கள், வெட்கம் வேண்டாம். பவுல் கூடாரம் தைத்தார். கேரியும் அவுரித் தொழிற்சாலையில் மேலாளராகச் சம்பளம் வாங்கியவர்தான்.

நண்பரை விட்டுவிடுங்கள். பெரிய சபை பாவமல்ல; அவர் வீட்டில் என்ன பாரமோ நமக்குத் தெரியாது. அதேபோல, சின்னக் கூட்டம் என்பதாலேயே நாம் உண்மையுள்ளவர்கள் ஆகிவிடுவதும் இல்லை. 9 வருஷத்தில் அந்த ஊர்க்காரர் எத்தனை பேர் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள்? இதை உங்களையே கேட்டுப்பாருங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

இந்த வாரமே தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். "போன மாதம் 25 என்று எழுதினேன், 11 பேர்தான்" என்று இரண்டு வரி போதும். காரணம் சொல்லி நீட்ட வேண்டாம். உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். நிற்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதனால் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் கடிதத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டுங்கள்.