சாப்பா அடுக்கு வயல்கள்: கேள்வி பதில்

வியட்நாமின் வடக்கே, சீன எல்லையை ஒட்டிய மலையூர் சாப்பா. மூன்று முறை போய் வந்ததால் நண்பர்கள் என்னிடம் கேட்டவையும் நான் சொன்னவையும் இவை.

போக ஏற்றது மே மாதமா, செப்டம்பரா? (சேலம் ஆசிரியை)

குளிர் ஊர் என்பதால் அங்கே ஆண்டுக்கு ஒரே நெல் போகம். மே, ஜூனில் தண்ணீர் கட்டி நடவு. செப்டம்பர் முதல் பாதியில் கதிர் முற்றி மலையே பொன்னிறமாகிவிடும். படம் எடுக்கப் போகிறவர்கள் செப்டம்பரைச் சொல்வார்கள். நான் மே கடைசி என்பேன். மேல் வயலின் வரப்பில் ஒரு சாண் அகலத்துக்கு மடை வெட்டியிருக்கும். அதில் விழும் நீர் கீழ் வயலை நிரப்பி அடுத்த மடைக்கு இறங்கும். ஊற்று நீரை வாய்க்காலும் மூங்கில் குழாயும் கொண்டுவருகின்றன; மோட்டார் எதுவும் இல்லாமல் பள்ளத்தாக்கின் அடிவரை பாய்கிறது. வரப்போரம் நின்று அந்தச் சலசலப்பைக் கேளுங்கள். ஆனால் வரப்பை மிதித்து உடைத்துவிடாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்து உழைப்பு.

ஹனோயிலிருந்து எப்படிப் போவது?

பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். இரவு ரயில் என்றால் லாவ் காய் வரை சென்று, அங்கிருந்து மலைப்பாதையில் வேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. வரலாமா? (திருச்சி வாசகர்)

தாராளமாக. முவாங் ஹுவா பள்ளத்தாக்கில் தா வான் கிராமம் வரை கார் போகும். 3,147 மீட்டர் உயரமுள்ள ஃபான்சிபான் சிகரத்துக்குப் பக்கம்வரை 2016 முதல் கேபிள் கார் இருக்கிறது. கட் கட் கிராமத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே படிகள் அதிகம், கூட்டமும் அதிகம்.

முதுகில் கூடையோடு பெண்கள் கூடவே நடந்து வருகிறார்களாமே, தொல்லையா?

தொல்லை என்று சொல்லாதீர்கள். அவர்கள் கறுப்பு மங் (உடையின் நிறத்தால் வந்த பெயர்) என்ற மலைவாழ் இனப் பெண்கள். வழுக்கும் சேற்றில் உங்கள் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். கடைசியில் ஏதாவது வாங்கச் சொல்வார்கள். வேண்டாமென்றால் புறப்படும்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை. அதைவிட நல்லது, அந்த ஊர்ப் பெண் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்துவது. எனக்கு வழிகாட்டியவரின் விரல்கள் மணிக்கட்டுவரை நீலமாக இருந்தன. அவுரி இலையை ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்த சாயத்தில் சணல் துணியைத் திரும்பத் திரும்ப முக்கி எடுத்த கைகள். அந்தத் துணியின் விலையைப் பாதியாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

குழந்தைகள் விற்கும் கைவளையங்களை வாங்கலாமா?

கூடாது. விற்பனை நன்றாக நடந்தால் பள்ளிக்கூடம் நின்றுபோகும். தாயிடம் வாங்குங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (கோவைத் தம்பதி)

'அன் சாய்' என்றால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். மீன் சாறான 'நுவாக் மாம்' வேண்டாமென்று தனியாகச் சொல்லுங்கள். கீரை வதக்கலிலும் அது சேரும். சோறு, டோஃபு (சோயா பன்னீர்), மூங்கில் குருத்து தாராளமாகக் கிடைக்கும்.

எங்கே தங்குவது?

நகரத்தில் ஓயாத கட்டட வேலை, ஹோட்டல் மேல் ஹோட்டல். தா வானில் ஸாய் இனத்தவர் வீட்டில் இரண்டு இரவாவது தங்குங்கள். அடுப்பங்கரையில் உட்கார இடம் தருவார்கள். மங் வீடு என்றால் புறப்படும்போது 'ஓ சாவ்' சொல்லுங்கள். நன்றி என்று பொருள்.