என்விடியா டிரைவர் போட்டும் திரை 1024க்கு 768லயே நிக்குது (உபுண்டு, பாளை டிடிபி கடை சிஸ்டம்)

டிரைவரை மறுபடி அழிச்சுப் போடாதீங்க அண்ணாச்சி. பெரும்பாலும் செக்யூர் பூட்தான் (கையெழுத்துச் சாவி ஏத்துக்கப்படாத மென்பொருளைத் தடுக்கிற பாதுகாப்பு) டிரைவரோட மாட்யூலை, அதாவது கர்னல்ல (சிஸ்டத்தோட மையப் பகுதி) ஏறுற துண்டை, உள்ளே விடாம தடுக்கும்.

டெர்மினல்ல 'என்விடியா-எஸ்எம்ஐ' அடிங்க. டிரைவரோட பேச முடியலைன்னு வந்தா சந்தேகம் பெரும்பாலும் சரி. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டுருக்கும்லா? ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை வரும். அதுல 'என்ரோல் மோக்' (அந்தச் சாவியைப் பதியுற மெனு) எடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்கணும். 10 விநாடிக்குள்ள கீ தட்டலைன்னா அது பாட்டுக்குப் போயிரும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி' கட்டளையை 'என்ரோல்-கீ'யோட கொடுத்தா அடுத்த ரீஸ்டார்ட்ல அந்த நீலத் திரை திரும்ப வரும்.

ஒண்ணு: டிரைவர் ஏறும்போது கரண்ட் போயிருந்தா கதை வேற. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' (மாட்யூல் கட்டி ஏறியிருக்கான்னு காட்டுற கட்டளை) அடிச்சு, இப்ப ஓடுற கர்னலுக்கு நேரே 'இன்ஸ்டால்டு'ன்னு இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா செக்யூர் பூட்டைத் தொட வேண்டாம், அந்த வெளியீட்டை இங்க ஒட்டுங்க.